சேவியர் அண்ணன் கதவு மூடிய விதம்

செவ்வாய்க்கிழமை, இரவு

பள்ளிக்கூட வேனின் ஸ்லைடிங் கதவுக்குப் போன மாதம் ரோலர் மாற்றியது நான்தான். அடுத்த மழையிலேயே உள்ளே தண்ணீர். பள்ளி மேலாளர் போன் செய்தபோது, "உங்க டிரைவர் ஓங்கி ஓங்கி அடிக்கிறாரு சார், அப்புறம் கதவு எப்பிடி நிக்கும்?" என்று கேட்டேன். வண்டியைப் பார்க்கக்கூட இல்லை.

இன்று டிரைவர் சேவியர் அண்ணன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கழற்றினால், கீழ் ரோலருக்குப் பின்னால் வாஷரே இல்லை. நான்தான் போட மறந்திருக்கிறேன். கதவு தண்ணீரைத் தடுக்கும் ரப்பரில் படியாமலே ஓடியிருக்கிறது. டிப்ளமோ படித்த லட்சணம். வாஷரைப் போட்டேன், பொருந்திவிட்டது. பைப்பில் தண்ணீர் அடித்தும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"என்னாலதான் தம்பி ஒங்களுக்கு இம்புட்டு வேலை. இன்னொரு தடவை கதவு கெட்டா வேலைக்கு வர வேண்டாம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாக" என்றார் சேவியர் அண்ணன்.

உண்மை வாய்வரை வந்தது. "இனிமே பாத்து மூடுங்கண்ணே" என்றுதான் சொன்னேன்.

"சரிங்க தம்பி" என்று இரண்டு கையாலும் கதவை மெல்லத் தள்ளினார். ஸ்லைடிங் கதவை வேகமாகத் தள்ளினால்தான் பூட்டு விழும்; அப்படி மூடினால் விழாது. திறந்து, மறுபடியும் மெதுவாகவே தள்ளினார்.