லெவ்வையார் தலையாட்டிய காரணம்

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எப்போதும் முதலில் கூப்பிடுகிற என் மச்சிக்கு, இந்த முறை நான் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறேன்.

நீ அடங்கியிருக்கிற மையவாடிக்குப் பெண்கள் போகிற வழக்கம் நம்மூரில் இல்லை. இருந்திருந்தால் இன்றைக்கு ஓடியே வந்திருப்பேன். ஒரு செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிற ஆளா நான்? அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும், எனக்கென்ன.

உன் பூனை சீனி குட்டி போட்டிருக்கிறாள் மச்சி! எங்கே சொல்லு பார்ப்போம்? உன் வீட்டு வளவில் இல்லை. நீ மௌத்தான பிறகு மதில் தாண்டி வந்தவள், என் தையல் மெசினுக்குக் கீழே வெட்டுத்துணி போடுகிற கூடைக்குள் போட்டிருக்கிறாள். மணமகள் சட்டையில் மிஞ்சின பட்டுத் துண்டுகளின் மேல் படுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார். மீன் சட்டியில் வாய் வைத்தாள் என்று நான் விளக்குமாற்றோடு துரத்தின அதே சீனி!

இரண்டு குட்டிகள். ஒன்று மஞ்சள். மற்றது வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மூன்றும் கலந்தது. அந்த மூன்று நிறக் குட்டியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

அதற்கு முதல், உன் புருஷன் எப்படி இருக்கிறார் என்று கேட்பாய். என் கூடப்பிறந்த காக்கா கதைக்கிறதை விட்டுவிட்டார் மச்சி. இரவுச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவார். சோறு போடட்டுமா என்றாலும் தலையசைப்பு, போதுமா என்றாலும் தலையசைப்பு. உன் வீட்டுப் பின்கதவை அவர் திறக்கிறதே இல்லை. அங்கே நின்றுதானே நீ பின்னேரத்தில் மீன் சட்டியைத் தட்டித் தட்டி, "வா கிளி, வா கிளி" என்று சீனியைக் கூப்பிடுவாய். பூனையைப் போய் யாராவது கிளி என்பார்களா என்று நான் எவ்வளவு பழித்திருப்பேன்!

ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, என் விறாந்தையில் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மூன்று நிறக் குட்டி மெதுவாகப் போய் மடியில் ஏறியது. இவர் அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் திக்ரு செய்யச் செய்ய அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. காக்கா பார்த்தார். பிறகு சிரித்தார் மச்சி! நீ போன பிறகு முதல் சிரிப்பு.

"இஞ்ச பாரு ஜெஸீமா, இதுவும் திக்ரு செய்யுது" என்றார்.

அன்றைக்கே அதற்கு லெவ்வை என்று பெயர் விழுந்தது. பள்ளிவாசலில் ஓதுகிற லெவ்வைமாரைப் போல எங்கள் வீட்டிலும் ஒரு லெவ்வையார்! பக்கத்து வீட்டு ராத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். "லெவ்வையார் ஓதத் தொடங்கிட்டாரா?" என்று கேட்காத ஆள் இந்த ஒழுங்கையில் இல்லை. காக்கா ஒரு நாள் எனக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார், "அவக்காகத்தான் செய்யுது போல." அவ என்றது உன்னை.

இனி நான் என்ன செய்ய? அந்தக் குட்டியின் காதுக்குள் கறுப்பாக எதையோ கண்டேன். மெசினுக்குக் கீழே கிடக்கிற பிள்ளைக்கு மெசின் எண்ணெய்தானே படும் என்று துடைத்துவிட்டேன். அடுத்த நாள் அதே கறுப்பு. கோப்பி குடித்த கோப்பையின் அடியில் கிடக்கிற வண்டல் மாதிரி, பொடிப்பொடியாக. ஒரு கெட்ட மணமும் அடித்தது. மெசின் எண்ணெய்க்கு அப்படி மணம் வருமா? பின்காலால் காதைச் சொறிந்து சொறிந்து, காதுக்குப் பின்னால் மயிர் உதிர்ந்து புண்ணாகியும் இருந்தது. சொறியும்போது அது கத்தின கத்தில் எனக்கு ஊசி கையிலே ஏறிவிட்டது. தஸ்பீஹ் இல்லாத நேரத்திலும் தலையை ஆட்டுகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ராத்தா வந்து, "ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுகா, எல்லாம் செத்துப் போகும்" என்றாள். குட்டியும் சேர்ந்து செத்துப் போகும் என்று சொல்லிவிட்டு, கூடையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பூனைக்கு ஆட்டோ பிடித்துப் போகிற ஜெஸீமாவை நீ பார்த்திருக்க வேண்டும்!

மிருக வைத்தியர் காரைதீவுப் பொம்பிளைப் பிள்ளை, சின்ன வயசு. காதை மெல்ல மடித்துப் பார்த்தா. பஞ்சில் அந்தக் கறுப்பைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கறுத்தக் கடதாசியில் தட்டி, பூதக்கண்ணாடியை என் கையில் தந்தா.

"வடிவாப் பாருங்க அக்கா. வெள்ளைப் புள்ளி தெரியுதா?"

"ஓம், தெரியுது."

"கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

என்ட உம்மோ! அந்தப் புள்ளிகள் நடந்தன மச்சி! உப்புத்தூளுக்குக் கால் முளைத்த மாதிரி! நான் போட்ட சத்தத்தில் வெளியே மாட்டோடு நின்ற மனிசன் எட்டிப் பார்த்தார்.

"காதுப் பூச்சி" என்றா டொக்டர். "தாயிட்ட இருந்து குட்டிக்குத் தொத்துறது. அந்த அரிப்புலதான் தலைய ஆட்டுது. இடது காது உள்ளுக்க நல்லா வீங்கிக் கிடக்கு. அந்தக் காது கேட்குமா எண்டு சுகமானாத்தான் சொல்லலாம்."

கேட்காமலும் போகலாம் என்கிற அந்தச் சொல்லில் என் துள்ளல் எல்லாம் அடங்கிவிட்டது. நிறை பார்த்து, நக்க எட்டாத இடமாகப் பிடரியில் ஒரு மருந்து விட்டா. சீனிக்கும் விட்டா, ஒன்றும் இல்லாத மாதிரி இருந்த மஞ்சளுக்கும் விட்டா. ஒன்றை விட்டுவிட்டால் அதிலிருந்து மற்றதுக்குத் திரும்ப ஏறுமாம். காது கழுவுகிற மருந்தும் தந்து சொன்னா: "குச்சி, கோழியிறகு ஒண்டும் உள்ளுக்க விட்டுராதீங்க. சுகமான மாதிரி இரிக்கும், நம்பிராதீங்க. முட்டை இரிக்கும், மறுகா பொரிக்கும். நான் சொல்ற நாளுக்குத் திரும்பக் கொண்டு வாங்க." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னா. "மூணு நிறமெண்டா அநேகமா பெட்டைதான் அக்கா. இதுவும் பெட்டை." லெவ்வையார் பெட்டைக் குட்டியாம் மச்சி!

சிரிப்போடு வீட்டுப் படியேறினேன். விறாந்தையில் காக்கா தஸ்பீஹோடு குட்டிக்காகக் காத்திருந்தார். எப்படிச் சொல்கிறது? எனக்குச் சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். நேராகவே சொன்னேன்.

"அப்ப அது திக்ரு செய்யல்லயா?"

"இல்ல காக்கா. காதுல பூச்சி."

தஸ்பீஹைச் சட்டைப் பைக்குள் போட்டார். எழும்பிப் போய்விட்டார். சோறு தின்னவும் வரவில்லை. இருந்த ஒரு சிரிப்பையும் நானே பிடுங்கிவிட்டேனோ என்று குசினிக்குள் நின்று அழுதேன்.

காலையில் ஆள் வாசலில் நிற்கிறார். கையில் பாமசி மருந்துக்கடைப் பை, பை நிறையப் பஞ்சு. "அது நோவுல ஆட்டியிரிக்கி. நான் அதப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்திரிக்கன்" என்றார். பிறகு, "நான் புடிக்கிறன், நீ மருந்த விடு" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் கூத்தைக் கேள். பிறந்த பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி துவாயால் சுற்றி, தலை மட்டும் வெளியே. மருந்துப் போத்தலைக் கைக்குள் வைத்துக் குளிர் போக்கி, காதுக்குள் விட்டு, காதடியை விரலால் மெதுவாகத் தடவினால் உள்ளே 'சளக் சளக்' என்று கேட்கும். விட்டதும் ஒரு உதறு! கறுப்பெல்லாம் காக்காவின் வெள்ளைச் சேட்டில்! வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைப்போம். கூடைத் துணியை எல்லாம் சுடுதண்ணியில் போட்டு, வெயிலில் காயவைத்தோம். "அவ பாத்தா என்ன சொல்லுவா?" என்று உன்னை நினைத்துக் காக்காவே கேட்டார். தானாக வாய் திறந்து கேட்டார் மச்சி!

சொறிகிறது குறைந்தது. கறுப்புக் குறைந்தது. போதும் என்று எனக்குத் தோன்றின நாளிலும் காக்கா விடவில்லை. "முட்டை இரிக்கும்" என்று டொக்டரைப் போலவே சொல்லி, திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார். பூதக்கண்ணாடியில் இந்த முறை ஒரு புள்ளியும் நடக்கவில்லை. ஆனால் இடது காது? கை தட்டினோம், கரண்டி தட்டினோம். வலது காதால் கேட்டுத் திரும்புகிறதா, இடதாலா என்று யாருக்குத் தெரியும்?

இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மெசினில் இருக்கிறேன். குட்டி காலடியில் நித்திரை, வலது காதைத் துணியில் அமுக்கிக்கொண்டு. அப்போது உன் வளவிலிருந்து மீன் சட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய் வந்தது. பிறகு கரகரத்த ஒரு குரல்.

"வா கிளி... வா கிளி..."

அந்த இடது காது நிமிர்ந்தது மச்சி! கண் திறக்க முதல் காது நிமிர்ந்தது! உன் பின்கதவுப் பக்கம் திரும்பி ஒரு கணம் நின்றது, பிறகு குட்டி எழும்பி, மதில் இடைவெளியால் ஒரே ஓட்டம். தலையை ஒரு தரம்கூட ஆட்டவில்லை. நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உன் பின்கதவு திறந்து கிடக்கிறது. படியில் காக்கா குந்தியிருக்கிறார், கையில் மீன் தலை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"கேட்டுதா?" என்றார்.

"ஓம் காக்கா, கேட்டுது" என்றேன்.

உனக்கும் கேட்டதா?

விளக்குமாற்றை இனி உன் பிள்ளைகள் மேல் தூக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்று பேரின் காதையும் மடித்துப் பார்ப்பேன். நீ நின்ற படியில் பின்னேரச் சட்டிச் சத்தம் ஓயாது. காக்காவுக்கு ஏலாத நாளில் நான் தட்டுவேன், கிளி என்றே கூப்பிடுவேன்.

மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் மச்சியும் உன் கிளிகளுக்கு மாமியுமான
ஜெஸீமா