மடித்த பஸ் டிக்கெட்

22 செப்டம்பர் 2011, வியாழன்

இன்று மதியம் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை நான்தான் நிறுத்தினேன். இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆபரேட்டர் இசக்கி ஒரு பட்டன் அமுங்கியே இருக்கும்படி பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷினுக்குப் பூட்டு போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாபா இது? லோடு வண்டி வெளிய நின்னுகினு கீது. டிக்கெட்ட எட்துட்ட இல்ல? தொறந்து வுடு."

"மெயின்டனன்ஸ் ஆளு வந்து பட்டன பாக்கட்டும் சார். அப்பால தொறக்கறேன்."

"லைன் லீடர் ஆனதும் ரொம்பதான் பேசற."

ஆள் வந்து பார்த்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வண்டி பாதி லோடோடு போனது. டீ நேரத்தில் என் பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. ரிப்போர்ட்டில் இசக்கியின் பேரை எழுதிக் கொடுத்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

ஷிப்ட் முடிந்து வந்தபோது கேட்டில் நின்றிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"வாரேன்ணே. ஒங்க பேர யார்ட்டயும் சொல்லல" என்றான்.

போன வருஷம் தென்காசியிலிருந்து வந்து சேர்ந்த புதிதில், வேகம் வரவில்லையே என்று கலங்கிப்போய் நின்றான். என் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை மடித்துச் செருகிக் காட்டியது நான்.

பூட்டு போட்டது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ரிப்போர்ட்டில்தான் ஒரு வரி குறைகிறது.