அக்காவின் புது விலாசம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். போனில் ஏன் மழுப்பினாய் என்று கோபித்துக்கொள்ளாதே, வாயைத் திறந்தால் அழுகை வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பெரியம்மா மகள், புருஷன் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது உனக்குத் தெரியும். அங்கே அந்தப் பிள்ளையை, நம் வாயாடியைப் பள்ளியில் சேர்க்கும்போது புது விலாசம் கேட்டார்கள், அவளும் கொடுத்தாள். எல்லா ஊர்ப் பள்ளி, ஆஸ்பத்திரி, வீட்டு வரி எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கோத்துவிட்டார்கள் என்று உன்னிடம் பெருமையடித்தேனே, நகராட்சி ஆபீஸில் எங்கள் கவுண்டரில் ஒரு பேரைத் தட்டினால் ஆளின் ஜாதகமே வந்து நிற்கும். யார் எதைப் பார்க்கலாம், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு மத்தியானம் வந்து எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக நான் லீவில் இருந்தபோது அவள் புருஷன் எங்கள் ஆபீஸுக்கு வந்திருக்கிறான். பக்கத்து சீட்டுச் சிரிப்புக்காரரை உனக்குத் தெரியுமே, வேலைக்குத் திரும்பிய அன்று அவர் பல்லெல்லாம் தெரிய, “உங்க அக்கா மருமகன் வந்தாருங்க, பொண்டாட்டி அட்ரஸ் தொலைஞ்சு போச்சாம், நம்ம வீட்டு ஆளாச்சேன்னு நிக்க வைக்காம உடனே பாத்துக் குடுத்துட்டேன்” என்றார். எனக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தார். உடனே உன் அக்காவுக்குப் போன் போட்டேன், எடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ்.

உயிர் பிழைத்துவிட்டாள். வலது கையை இனி மேலே தூக்க முடியாது, ஒரு காது போய்விட்டது. வாயாடி கட்டிலுக்கு அடியில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவன் ஜாமீனில் வெளியே சுற்றுகிறான்.

நான் நடந்ததை அப்படியே ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். விசாரணையில் சிரிப்புக்காரர் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர், பயந்திருப்பார். கம்ப்யூட்டரைக் கேட்டால் எங்கள் கவுண்டரில் பார்த்தார்கள் என்று சொல்கிறதே தவிர யார் என்று சொல்லவில்லை. பெரிய அதிகாரி என்னையே, “லீவுல இருந்தா என்ன, சொந்தக்காரி நீங்கதானே, நீங்களே சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டார். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள், எங்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். என்னைப் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

அக்கா மறுபடி ஊர் மாறிவிட்டாள். பிள்ளையைப் பள்ளியில் போடம்மா என்று போனில் கெஞ்சினேன், “எங்கயும் பேரு குடுக்க மாட்டேன் சித்தி, கவர்மென்டுக்கு நாங்க செத்தவங்களாவே இருந்துட்டுப் போறோம்” என்றாள். காதுக்கு வைத்தியம் பார்க்கவும் போகவில்லை. ஏழு வயதுப் பிள்ளை நாள் முழுக்கக் கதவைத் தாழிட்டு உள்ளேயே கிடக்கிறது, பேச்சும் குறைந்துவிட்டதாம். நான் என்ன சொல்லி அவளைத் தேற்றுவேன்?

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அக்கா உன்னைக் கூப்பிட்டால் நன்றாகப் பேசு, எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதே. அவளாகச் சொன்னாலும் என்னிடம் சொல்லிவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா