தெருவுக்கே ஒரு நாள் லீவு

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நாலு மணிக்கு செருப்புக் கடை அண்ணன் வருவார். வியாபாரிகள் சங்கத்துச் சாவி டிவி பக்கத்துல இருக்கு, குடுத்துடுங்க. "செயலாளர் அம்மா எங்கே?"ன்னு கிண்டல் பண்ணுவார். மூஞ்சிய தூக்கி வெச்சுக்காதீங்க.

உங்களைக் கேக்காம அந்தப் பதவிக்கு ஒத்துக்கிட்டது தப்புதான். "நீ பகல் பூரா ஜெராக்ஸ் கடை, நான் ராத்திரி பூரா பேக்கரி. இதுல சங்கம் வேறயா?"ன்னு நீங்க கேட்டதும் நியாயம்தான்.

ஆனா நேத்து கூட்டத்துல நான் கொண்டு வந்த முதல் தீர்மானம் என்ன தெரியுமா? மாசக் கடைசி ஞாயிறு, மருந்துக் கடை தவிர தெரு முழுக்க லீவு. பாத்திரக் கடைக்காரர் "வியாபாரம் படுத்துடும்"னு குதிச்சார். ஓட்டு எடுத்தோம். நாலு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுட்டோம். உங்க முதலாளியும் கை தூக்கினார். அந்த ஞாயிறுக்கு முந்தின ராத்திரி பேக்கரியில வேலை கிடையாதாம்.

தெரு நல்லா இருக்கணும்னு நான் யோசிச்சதா எல்லாரும் கை தட்டினாங்க. நான் நம்ம ரெண்டு பேரை மட்டும்தான் யோசிச்சேன். வெளியே சொல்லிடாதீங்க.

ஓரத்துல நுணுக்கி எழுதறேன், இடமில்ல: அந்த ஞாயிறுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும் உங்களைப் பாக்காம என்னால இருக்க முடியாது. இன்னைக்கு வேலைக்குப் போற வழியில கடைப் பக்கம் வாங்க. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நான் வெளியே வந்துடுவேன்.