டாக்டரின் கோட்டுப் பைக்குள் உன் குரல்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடும் சண்டையோடும் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் அதேபோல் சௌக்கியம்தான் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நம்பித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் நீ அவரிடம் மட்டும்தான் பேசுகிறாய், நான் போனை எடுத்தால் அப்பாகிட்ட குடும்மா என்கிறாய். சரி, உனக்குக் கோபம். எனக்கும் வாய் இல்லாமல் இல்லை, ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு பேச்சு பேசி முடித்துவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அன்றைக்கு நடந்ததை ஒருத்தரும் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. உன் அப்பா சொல்லியிருப்பார், அவர் சொன்னது அவர் அச்சகத்தில் அடிக்கிற நோட்டீஸ் மாதிரி இருந்திருக்கும்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ஒரு பாதுகாப்புக் குழு ஆரம்பித்து உன் அப்பா அதற்குத் தலைவரானது உனக்குத் தெரியும். அன்றோடு எனக்குப் புருஷன் போய்விட்டார், தலைவர்தான் மிச்சம். காபி கொடுத்தால்கூட மேடையில் பேசுகிற குரலில்தான் சர்க்கரை பத்தல என்பார். நம் ஆஸ்பத்திரி நம் உயிர் என்று சிவப்பு எழுத்தில் போஸ்டர் அடித்து ஊர்ச்சுவர் ஒன்று விடாமல் ஒட்டினார். மேலிடத்தில் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான், அங்கே ஆள் வருவதில்லையாம். எப்படி வரும்? குழுச் செயலாளர் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டால் போதும், காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் பறக்கிறார். பொருளாளர் கால் சுளுக்குக்கே நகரத்தில் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் காலோடு மேடையேறி நம் ஆஸ்பத்திரியைக் காப்போம் என்று தொண்டை கிழியக் கத்தினார். மூடக் கூடாது என்ற மனுவில் ஊரே கையெழுத்துப் போட்டது, ஒருத்தரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. இதென்ன கூத்து என்று நான் கேட்டதற்கு, உனக்கு இதெல்லாம் புரியாது, இது கொள்கை விஷயம் என்றார் தலைவர். கொள்கை என்பது நாம் வைத்திருப்பது, கடைப்பிடிப்பது அடுத்தவர் வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் காலையில் குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. என்ன ஆச்சு என்றால் ஒண்ணுமில்ல, வாயு என்றார். வாயு என்றால் இடது கையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றதற்கு, கையிலயும் வாயு போகும் என்றார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது! நான் பக்கத்து வீட்டு டாக்சிக்காரரைக் கூப்பிட ஓடினேன், மூச்சிரைக்கத் திரும்பி வந்து பார்த்தால் தலைவர் போட்ட சட்டையைக் கழற்றி இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறிக்கொண்டிருக்கிறார். சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போறோம்ல, பாக்க நல்லா இருக்க வேணாமா என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்க வேண்டியது.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் டாக்சிக்காரர், இடது பக்கம் நம்ம ஆஸ்பத்திரி, நேரா போனா சிட்டி, எங்க போகட்டும்கா என்று கேட்டார். தலைவர் பின்சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டு, நேரா போ, நேரா போ, இங்க என்ன இருக்கு, அந்தச் சின்னப் பொண்ணு டாக்டருக்கு என்ன தெரியும் என்று முனகினார். இத்தனை நாள் யாருக்காகக் கொடி பிடித்தாரோ அந்தச் சின்னப் பொண்ணுதான். அதே நேரம் நீ போனில். நான்தான் உன்னைக் கூப்பிட்டேன், பிள்ளை ஒரு தைரியம் சொல்லுவான் என்று. நீ சொன்னது, அம்மா உனக்கென்ன பைத்தியமா, அந்த டப்பா ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாத. நகரத்துக்குப் போக ஒன்றரை மணி நேரமாவது ஆகும், லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதுவும் போதாது. அவர் உதடு வெளுத்துக்கொண்டே வந்ததை நீயும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். இடது பக்கம் திருப்புப்பா என்று நான் சொன்னேன். நேராகப் போய் வழியில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீங்கள் எல்லாரும் விதி என்று விட்டிருப்பீர்கள். இங்கே கொண்டுவந்து ஏதாவது ஆகியிருந்தால் நீ, உன் அத்தைமார், குழு அத்தனை பேரும் சேர்ந்து இவள்தான் கொன்றாள் என்று ஆயுசுக்கும் சொல்லியிருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி முதலில் வண்டியை இங்க நிறுத்தக் கூடாது என்று விசில் ஊதினார், பிறகு உள்ளே இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலைத் துப்பிவிட்டு அவரே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் மட்டும் தனி வழி, நாங்கள் ஒரு பக்கம் தள்ள அது இன்னொரு பக்கம் இழுத்தது. உள்ளே விரலில் தூண்டில் முள் குத்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார், வேறு ஈ காக்கா இல்லை. சீட்டுப் போடுகிற பெண் தொழில் என்ன என்று கேட்டதற்கு, அந்த நிலைமையிலும் உன் அப்பா, குழுத் தலைவர்னு எழுதிக்கம்மா என்றார். படுக்க வைத்த கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் அவர் அடித்த போஸ்டர், சிவப்பு எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டேதான் என்னை எதுக்குடி இங்க கொண்டாந்த என்றார்.

அந்த டாக்டர் பெண் அரை டம்ளர் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தாள், ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னாள், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா, அதைக் கரைக்கிற ஊசி இங்கயே இருக்கு, ரத்தக்கசிவு வர வாய்ப்பு கொஞ்சம் உண்டு, ஆனா காத்திருந்தா அதவிட ஆபத்து, போடட்டுமா என்றாள். நீ அதற்குள் போனில், டாக்டர்கிட்ட குடு, டாக்டர்கிட்ட குடு என்று குதித்தாய். கொடுத்தேன். நீங்க எங்க படிச்சீங்க, எத்தனை வருஷ அனுபவம், என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட், அவன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் எதுவும் செய்யாதீங்க என்று நீ பேசியது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. அவள் சரிங்க சார் என்றாள். போனை வைக்கவில்லை, அணைக்கவும் இல்லை, அப்படியே கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். போடும்மா என்றேன். ஊசி ஏறி முடிகிற வரைக்கும் அந்தப் பைக்குள்ளிருந்து உன் குரல் ஹலோ ஹலோ, கேக்குதா, யார் பொறுப்பு என்று கத்திக்கொண்டே இருந்தது. பொறுப்பு யார் என்று இப்போது தெரிந்ததா? நான்தான்.

கொஞ்ச நேரத்தில் வலி குறைந்து உதட்டில் சிவப்பு திரும்பியது, அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது, அந்தத் தூண்டில் முள்காரர்தான் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் ஆம்புலன்ஸில் நகரத்துக்கு அனுப்பினார்கள். இஸ்திரி போட்ட சட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டதால், தலைவர் வெற்றுடம்போடு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆசைப்பட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி வளையம் வைத்த பெரிய டாக்டர், ஊர்லயே ஊசி போட்டதாலதான் ஆள் வந்து சேர்ந்தார் என்று சொன்னார். அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் உன் அப்பா, நெனச்சா சிட்டிக்குப் போயிருக்க மாட்டேனா, கொள்கைக்காகத்தான் நம்ம ஆஸ்பத்திரிக்கே போனேன் என்கிறார். நான் உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைக்கிறேன், உடனே அவருக்கு இருமல் வருகிறது. தன் முகத்தைப் போட்டுப் புதுப் போஸ்டர் வேறு அடிக்கப் போகிறாராம். பொருளாளர் வந்து அரை மணி நேரம் புகழ்ந்துவிட்டு, போகும்போது என்னிடம் மெதுவாக அந்தச் சிட்டி டாக்டர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அவசரப் பிரிவை மூடுவதைப் பற்றி இன்னும் முடிவு தெரியவில்லை.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குப் பயம் அதிகம், பயத்தில் வாய் நீளும், அதுவும் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. அந்த டாக்டர் பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசிவிடு. வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, மருமகளையும் தூங்க விடு, குட்டிப்பெண்ணுக்கு என் முத்தம். மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த முறை பின்சீட்டில் படுத்திருப்பது நானாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உன் அப்பா. அவர் தானாக முடிவெடுக்க மாட்டார், உன்னைத்தான் கூப்பிட்டு எங்கடா போறது என்று கேட்பார். அப்போது ஃப்ரெண்டைத் தேடாதே, எது பெரிய ஆஸ்பத்திரி என்று பார்க்காதே. பக்கத்துல இருக்கறதுக்குப் போங்கப்பா என்று சொல், அது அன்றைக்கும் திறந்திருந்தால். இப்போதே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள் கண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா