ஜோன் மன்னரும் என் பெறாமகள் கிளடிசும்

அனுப்புநர்:
மரியாம்பிள்ளை அகஸ்ரின்,
எக்ளின்ரன் வீதி கிழக்கு, ஸ்காபரோ.

பெறுநர்:
மீளாய்வு அலுவலர் அவர்கள்,
குடிவரவு அலுவலகம், ரொறன்ரோ.

விடயம்: கொழும்பில் தங்கியுள்ள என் அண்ணன் மகள் சீமோன் கிளடிஸ் கனடா வர அனுமதி மறுக்கப்பட்டதை மீளாய்வு செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எனக்கு ஆங்கிலம் எழுத வரும். ஆனால் சென்றமுறை காரியம் கெட்டது ஒரு தமிழ்ச் சொல்லில். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். இதை மொழிபெயர்ப்பவர் 'பெறாமகள்', 'சித்தப்பா' ஆகிய இரு சொற்களிலும் கை வைக்காமல் அப்படியே விட்டுவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. கிளடிஸ் என் அண்ணர் சீமோனின் ஒரே பிள்ளை. 1987இல் வீட்டின்மேல் ஷெல் விழுந்து அண்ணரும் அண்ணியும் இறந்தார்கள். அன்றுமுதல் அவள் என்னிடம் வளர்ந்தாள். நான் கல்யாணம் செய்யவில்லை. 1991இல் அவளைக் கன்னியர் மடத்தில் ஒப்படைத்துவிட்டு இங்கு வந்தேன். அகதி விசாரணையில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். ஒரு மகள் என்றேன். எங்கள் வழக்கில் அண்ணன் மகளும் மகள்தான்; அவளைப் பெறாமகள் என்போம். அவளுக்கு நான் சித்தப்பா, அதாவது சின்ன அப்பா. இதில் பொய் எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

3. பின்னர் அவளை அழைக்க விண்ணப்பித்தபோது அண்ணன் மகள் என்று எழுதினேன். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று அலுவலர் கேட்டார். "அவ என்ர பெறாமகள்" என்றேன். மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டவர், நல்ல மனிதர். அவர் ஊரில் அந்தச் சொல் வழக்கில் இல்லைப்போலும். 'தன் மகள் அல்லாத மகள்' என்று சொல்லிவிட்டார். திருத்த வாயெடுத்தேன், அலுவலர் கையை உயர்த்தினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் பொய்யை ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று.

4. தனியாக வாழும் 'அங்கிள்' ஒருவர் இளம்பெண்ணை மகளென்று சொல்லி அழைப்பதன் நோக்கம் ஐயத்துக்குரியது என்றும் அந்த முடிவில் எழுதியிருந்தது. வாசித்தபோது அழுகைதான் முதலில் வந்தது. கோபம் பிறகு.

5. ஐயா, ஊரில் நான் வரலாற்று ஆசிரியன். இங்கிலாந்து மன்னர்களின் வம்சாவளியைப் புத்தகம் பாராமல் கரும்பலகையில் வரைவேன். றிச்சர்ட் மன்னர் வாரிசின்றி இறந்தார். அவருக்கு அடுத்த தம்பி ஜெப்ரி முன்னமே இறந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு, கடைசித் தம்பி ஜோன் முடியை எடுத்துக்கொண்டார். பெடியன் ஆதர் சிறையில் காணாமற்போனான். அவனுடைய அக்கா எலினோர் சாகும்வரை காவலில் இருந்தாள். ஜோன் இறந்து அவர் மகன் அரசனான பின்பும் அவளை விடவில்லை. அண்ணன் மகளாய்ப் பிறந்ததுதான் அவள் செய்த குற்றம். ஆகவே சித்தப்பா என்றதும் ஐயம் வருவது உங்கள் சரித்திரத்துக்குப் புதிதல்ல. ஆனால் ஜோன், எலினோரை மகள் என்று சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. சொன்னால் முடியைக் கொடுக்கவேண்டி வந்திருக்கும். என்னிடம் முடியுமில்லை, கோட்டையுமில்லை. இரண்டு அறை உண்டு. ஒன்று அவளுக்கென்று சும்மா கிடக்கிறது.

6. கிளடிஸ் இப்போது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறாள். தமிழரைப் பிடிக்கும் ஆமியின் சுற்றிவளைப்புக்குப் பயந்து வெளியே போவதில்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்கிறீர்கள். தாய்தகப்பனை இழந்த அண்ணன் பிள்ளையைப் பத்தொன்பது வயதுக்கு முன்னரே அழைக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். சென்ற மாதம் அவளுக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது. பழைய விண்ணப்பம் செத்தால் வேறு கதவு இல்லை. எலினோரை அடைத்துவைக்க ஒரு மன்னர் வேண்டியிருந்தது. என் பிள்ளைக்கு நான் சொன்ன ஒரு சொல்லே போதுமாயிற்று.

7. சென்ற ஞாயிறு தொலைபேசியில் இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "அப்ப நான் இனி உங்களை அங்கிள் எண்டே கூப்பிடுறன். கேசுக்கு நல்லந்தானே?" என்றாள். வைக்கும்போது "சரி அங்கிள்" என்றாள்.

ஆகையால் ஐயா, அந்த மறுப்பை நீக்கி, பழைய விண்ணப்பத்தையே ஏற்று, அவள் விமான நிலையத்தில் என்னைப் பழையபடி கூப்பிட வழிசெய்யுமாறு மன்றாடுகிறேன்.

ஸ்காபரோ,
16 பெப்ரவரி 1997.

தங்கள் தீர்ப்பை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மரியாம்பிள்ளை அகஸ்ரின்,
கிளடிசின் சித்தப்பா.