டீச்சர் என்று சொல்லிவைத்தேன்

வில்லியனூர்,
4-4-1984

செல்ல மகள் உமையாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மளிகைக்கடை எல்லாம் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் அம்மாவுக்குக் கவலை.

நல்ல சேதி. பாகூர் ஜவுளிக்கடை அரங்கநாதன் மகனுக்கு உன்னைப் பேசி, போன வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டு மாற்றிவிட்டோம். நீ வரட்டும் என்று காத்திருந்தால் இடம் கைநழுவியிருக்கும். "பொண்ணு இன்னா வேல பாக்குது?" என்றார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினீயர் என்றால் பயந்துவிடுவார்கள். டீச்சர் என்று சொல்லிவைத்தேன். கல்யாணத்துக்கு முன் வேலையை விட்டுவிடு, யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
அப்பா சுப்பராயலு

பெங்களூர்,
12-4-1984

அப்பாவுக்கு உமையாளின் வணக்கம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

என்னைக் கேட்காமல் தட்டு மாற்றினீர்கள். அதையாவது பொறுத்துக்கொள்வேன். டீச்சர் என்றீர்களே, அதில்தான் வயிறு எரிகிறது. இங்கே செய்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் ஓட்டிப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் அது வெளியே போகும். போன வாரம் ஒன்று சூடாகி நின்றுபோனது. "பரவாயில்லை, போட்டுவிடு" என்றார் மேனேஜர். போடவில்லை. அவருக்கே போடாதவள் உங்கள் பொய்க்குப் போடுவேனா?

பாகூருக்கும் எழுதிவிட்டேன், இன்ஜினீயர் என்றும், வேலையை விட மாட்டேன் என்றும். தட்டைத் திருப்பிக் கொடுங்கள். வைகாசித் தேருக்கு வருவேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் வடம் பிடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறுவேன். அழுகை வரும்தான். வந்தாலும் வேலையை விட மாட்டேன்.

உங்கள் மகள்,
உமையாள்

வில்லியனூர்,
20-5-1984

உமையாளுக்கு,

ஊர் சிரிக்க வைத்துவிட்டாய். கடைக்கு வருகிறவன் உப்பு கேட்பதற்கு முன் உன் கதையைக் கேட்கிறான். அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவள் உன் கட்சி.

தட்டை நானே பாகூருக்குக் கொண்டுபோனேன். அரங்கநாதன் கூடத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு, "இன்னா சுப்பராயலு, பொண்ணு இன்ஜினீராமே? வூட்ல சோறாக்குமா, மிஷின ஓட்டுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"எம் பொண்ணு கையெழுத்து போடலன்னா அங்க ஒரு மிஷினும் வெளிய போவாதுயா. அவ மேனேஜருக்கே போடல. ஒம் புள்ளைக்கா போடப்போறா?" என்று சொல்லிவிட்டு, தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

உன் மேல் கோபம் தீரவில்லை. தேருக்கு வா. கதவு திறந்திருக்கும். நான் பேச மாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
இன்ஜினீயர் உமையாளின் அப்பா,
சுப்பராயலு